உங்கள் கம்பெனியின் திருப்தி

"எங்க பையன் கம்பெனியை இழுத்துக் கல்யாணப் பத்திரிகையில போட்டிருக்கீங்களே, இன்னா தைரியம் உங்களுக்கு?"

"சம்பந்தி, முதல்ல உக்காருங்க. மோர் குடிங்க."

"மோர் குடிக்க வரல நான். பதில் சொல்லுங்க."

என் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டில் பேசிய இது எனக்குக் கேட்டது என்றால் குரலின் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிக்ஸியை நிறுத்தினேன். சட்னிக்கு என்ன அவசரம். வீட்டில் கறிவேப்பிலை இல்லை என்பது சரியாக அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. கஸ்தூரி வீட்டு காம்பவுண்டுக்குள் ஒரு கறிவேப்பிலை மரம் உண்டு. அதற்கடியில் நின்றால் ஹால் ஜன்னல் கைக்கெட்டும் தூரம். வேங்கிக்காலில் இந்தப் புது மனைகளை இவ்வளவு நெருக்கமாக அளந்து விற்றவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

கத்திக்கொண்டிருந்தது எழிலரசி, மாப்பிள்ளையின் அம்மா. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் சோடா, சுக்குக் காபி, கற்பூரம் விற்கிற கடை அவர்களுடையது. பௌர்ணமிக்கு நிற்க இடம் இருக்காது, மற்ற நாளில் ஈ ஓட்டுவார்கள். மோர் டம்ளரோடு நின்றது கஸ்தூரி, பெண்ணின் அம்மா. ஹால் நடுவில், தன் வீட்டிலேயே எங்கே உட்காருவது என்று தெரியாத ஆள் மாதிரி நின்றவர் மணிவேல் சார், பெண்ணின் அப்பா.

மணிவேல் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். எங்கள் தெருவுக்கே இங்கிலீஷ் அவர் வீட்டிலிருந்துதான் வரும். லோன் மனு, பள்ளிக்கூட லெட்டர், ரிடையர்மெண்ட் விழாவில் வாசிக்கிற வாழ்த்து, எல்லாம் அவர் கைதான். பேசும்போது முச்சூடும் தமிழாக இருக்கும். முடிக்கிற இடத்தில் மட்டும் 'பி தட் அஸ் இட் மே' என்று ஒன்றை வைப்பார். அது எப்படியோ இருக்கட்டும், மேலே பேசுவோம் என்று அர்த்தமாம். தண்ணி வண்டி வராததைப் பற்றிப் பேசினாலும் அதுதான், சோப்பு விலையைப் பற்றிப் பேசினாலும் அதுதான். தெருவில் பாதிப் பேருக்கு அவர் பெயர் மணிவேல் இல்லை, பிதட் சார்.

அப்படிப்பட்டவர் மாப்பிள்ளை தேடினால் எங்கே போய் நிற்பார்? அருண்பிரசாத் வீட்டில் போய் நின்றார். பையன் அடி அண்ணாமலை, வேலை சென்னையில். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதுகிற கட்டுரைகளில் இங்கிலீஷ் பிழையைத் திருத்திக் கொடுக்கிற கம்பெனி. "வெள்ளைக்காரன் இங்கிலீஷையே திருத்தற பையன்" என்று மணிவேல் சார் பால்காரர் முதல் கேபிள்காரர் வரை சொல்லித் தீர்த்தார். சோடாக் கடைக் குடும்பம் என்று கஸ்தூரி இழுத்தபோதுகூட, "கடையையா கட்டிக்கப் போறா, பையனைத்தானே" என்று வாயை அடைத்துவிட்டார். பெண் கவிநிலாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது. டவுனில் தனியார் வங்கியில் வேலை பார்க்கிறாள். தினமும் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்று போனில் சிரித்துக்கொண்டிருந்ததை நான் மாடியில் துணி உலர்த்தும்போது பார்த்திருக்கிறேன்.

ஆவணியில் கல்யாணம். ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை, அடிப்பது பெண் வீட்டுப் பொறுப்பு என்று பேச்சு. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ்.

வம்பு அந்த இங்கிலீஷ் பக்கத்தில்தான்.

அதை எழுதிய சாயங்காலம் நான் கூடவே இருந்தேன். மணிவேல் சார் கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போனில் தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் அவர் எழுதிக் கொடுத்த அதே வாசகம்தான். 'ரிக்வெஸ்ட் த பிளெஷர் ஆஃப் யுவர் கம்பெனி.' அந்தக் காலத்துப் பேச்சு அது, 'நீங்கள் கூட இருந்தால் எங்களுக்குச் சந்தோஷம், வாருங்கள்' என்பதைத்தான் அப்படிச் சொல்வார்களாம். அதில் கம்பெனி என்றால் ஆபீஸ் இல்லை, துணை. கீழே 'நியர் அண்ட் டியர்'. தமிழ்ப் பக்கத்தில் சுற்றமும் நட்பும் என்று போடுகிறோமே, அது. டியருக்கு விலை அதிகம் என்றும் இன்னொரு அர்த்தம் உண்டாம்.

போனில் கவிநிலா ஏற்றிக் கொடுத்த ஒரு ஆப் இருந்தது. எழுத எழுத இங்கிலீஷில் தப்புப் பார்க்குமாம், அவள் வங்கியில் எல்லோரும் வைத்திருக்கிறார்களாம். அது கம்பெனிக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டது. டியருக்கு அடியில் இன்னொன்று.

முதலில் சிரித்தார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடி கோடு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை. கோடு அசையவில்லை. அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று.

"பொருள் தெளிவா இல்லையாம்" என்றார், போனைப் பார்த்தபடியே. "வழக்கத்துல இல்லாத பிரயோகமாம்."

"அது மிஷினுங்க" என்றாள் கஸ்தூரி. "அது எந்தக் கல்யாணத்துக்குப் போயிருக்கு? நீங்க எழுதறதை எழுதுங்க."

"உனக்குத் தெரியாது. உலகத்துல இருக்கற இங்கிலீஷ் எல்லாம் அதுக்குள்ள இருக்கு." பிறகு யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்: "அப்போ இத்தனை வருஷமா தப்பாவே எழுதிக் குடுத்திருக்கேன்."

என் பக்கம் திரும்பினார். "உங்க பெரிய பையன் பத்திரிகையும் நான் எழுதினதுதானே. யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க சார். எழுத்து ரொம்பச் சின்னதா இருக்குன்னு."

அதற்குக்கூட அவர் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது. தெரு முழுக்க எத்தனை வீட்டு பீரோவில் தன் தப்பு பத்திரமாக இருக்கிறது என்று கணக்குப் போடுகிற முகம். ரெண்டு வரிக்கும் ஆப் பச்சை நிறத்தில் ஒரு திருத்தம் காட்டியது. அதைத் தொட்டார். சிவப்புக் கோடு போயிற்று. ஒரு பெருமூச்சு விட்டார். மறுநாள் அதை அப்படியே தேரடிப் பக்கத்து அச்சகத்துக்கு அனுப்பினார். அச்சகக்காரர் ஆபீசர் எழுதிய இங்கிலீஷில் கை வைப்பாரா? அடித்துக் கொடுத்துவிட்டார். மூலைக்கு மூலை மஞ்சள் தடவி ரெண்டு வீட்டாரும் ஊர் ஊராகக் கொடுத்தார்கள். முதல் பத்திரிகை கோயிலில், அண்ணாமலையார் சன்னதியில்.

அடி அண்ணாமலையில் அதை யாரும் படிக்கவில்லை, வினோதினி படிக்கும் வரை. வினோதினி எழிலரசியின் அண்ணன் மகள், பி.ஏ. இங்கிலீஷ். அருண்பிரசாத்துக்கு முறைப்பெண். ஒரு காலத்தில் அந்தப் பேச்சும் வந்து, நின்றுபோனது என்று கேள்வி. அவள் சுக்குக் காபி குடிக்க வந்த கூட்டத்துக்கு நடுவில் பத்திரிகையைப் பிரித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாளாம். "எங்கள் மகளின் திருமணத்தில் உங்கள் நிறுவனத்தின் திருப்தியைக் கோருகிறோம். இப்படிக்கு, பக்கத்தில் இருப்பவர்களும் விலை அதிகமானவர்களும்." கடையே சிரித்ததாம். எழிலரசி மட்டும் சிரிக்காமல் கல்லாவைப் பூட்டி, பையனையும் வினோதினியையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதெல்லாம் தெரிந்துகொண்டால்தான் ஜன்னலுக்கு உள்ளே நடந்தது புரியும்.

"உங்க பையன் கம்பெனியைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லைங்க" என்றார் மணிவேல் சார். "நான் எழுதினது வேற. துணைங்கற அர்த்தத்துல..."

"ஃபர்ம்னு அச்சடிச்சிருக்கு சார்" என்றாள் வினோதினி, பவ்யமாக. "ஃபர்ம்னா நிறுவனம்தானே."

"ஆமாம்மா."

"அப்போ எங்க அத்தை கேக்கறதுல தப்பு இல்லையே."

மணிவேல் சார் பத்திரிகையைக் கையில் வாங்கிப் பார்த்தார். அச்சில் வந்த பிறகு முதல் தடவையாக அதைப் படிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மனிதர் ஒரு வரியைப் படித்து அவ்வளவு சின்னதாகிப்போவதை நான் பார்த்ததில்லை.

"தப்புதான்" என்றார். "என் தப்புதான்."

அத்தோடு எழிலரசி விட்டிருக்கலாம். விட்டிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். ஆனால் எதிராளி தலை குனிந்ததும் நமக்கு இன்னும் ரெண்டு வார்த்தை ஜாஸ்தியாகப் பேசத் தோன்றுமே.

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? தெரிஞ்சிருந்தா நேரா வந்து கேட்டிருக்கணும். பையனை வீட்டுக்கு அனுப்பின கம்பெனிக்குத் திருப்தியா இருக்கணும்னு பத்திரிகையில போட்டு, அதை எங்க கையாலேயே ஊருக்கெல்லாம் குடுக்க வெச்சீங்களே. வேலை போன பையனை இப்படியா குத்திக் காட்டுவாங்க?"

கஸ்தூரி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பையனுக்கு வேலை போச்சு?" என்றாள் கஸ்தூரி.

எழிலரசி சம்பந்தி கையில் இருந்த பத்திரிகையைப் பார்த்தார், அதுதான் ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டது மாதிரி. வினோதினி தரையில் டைல்ஸ் எண்ண ஆரம்பித்தாள். இவர்களுக்குத் தெரியவே தெரியாது என்பது அத்தைக்கும் மருமகளுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. தெரிந்துகொண்டு குத்துகிறார்கள் என்று வந்தவர், தானே அவிழ்த்துக் கொட்டிவிட்டு நிற்கிறார்.

அருண்பிரசாத் கேட்டுக்கு வெளியில் பைக்கின் மேல் சாய்ந்து நின்றிருந்தான். உள்ளே பேசியது அவனுக்கும் கேட்டது. என்னைப் பார்த்தான். என் கையில் ஒரு கல்யாண சாம்பாருக்குப் போதுமான கறிவேப்பிலை சேர்ந்திருந்தது. அவன் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனான்.

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன் மாமா. அம்மா மேல தப்பு இல்ல. பங்குனியிலயே எங்க செக்‌ஷனை மூடிட்டாங்க."

"ஏன்?"

"ஆள் வேணாம்னுட்டாங்க. நாங்க ஒரு நாள் பூரா பார்க்கறதை மிஷின் ஒரு நிமிஷத்துல பார்த்துடுது." கொஞ்சம் தயங்கி, "நீங்க அச்சகத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி பழைய வரி, புது வரி ரெண்டையும் எனக்கு அனுப்பினீங்க. பழைய வரிதான் சரி, மாத்தாதீங்கன்னு எழுதினேன் மாமா."

மணிவேல் சார் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "எழுதினப்பா. நீ எழுதினதையும் அந்த ஆப்லதான் போட்டுப் பார்த்தேன். அதுக்கும் கோடு போட்டுச்சு."

"அந்த மாதிரி ஒண்ணுதான் மாமா இப்போ என் சீட்ல உக்காந்திருக்கு."

"ரெண்டாவது தடவை ஏன் சொல்லல? அடிச்சுச் சொல்லியிருந்தா கேட்டிருப்பேனே."

"சொல்லியிருக்கணும்." அவன் குரல் இறங்கியது. "வேலை இல்லாதவன் இன்னா திருத்தம் சொல்றதுன்னு எனக்கே தோணிப்போச்சு."

ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். சரியான இங்கிலீஷ் தெரிந்த ரெண்டு ஆம்பிளைகள். எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் ரெண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

அப்போதுதான் கவிநிலா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எவ்வளவு நேரமாகப் படியில் நின்றாளோ. கஸ்தூரி அவள் கையைப் பிடிக்கப் போனாள், அவள் தள்ளிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன், விலகினாள்.

"பத்திரிகை அப்பா தப்பு, அது போகட்டும்" என்றாள். "வேலை போனதும் பெரிசு இல்ல, என்கிட்ட சம்பளம் இருக்கு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தினம் காலையில ட்ரெயின் லேட்டுன்னு எனக்குப் போன் பண்ணீங்களே, அது எந்த ட்ரெயின்?"

அவன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டான்.

"கேன்டீன்ல சாம்பார் நல்லா இல்லைன்னு சொன்னீங்க. மேனேஜர் திட்டினான்னு சொன்னீங்க. நான் அவனைப் பத்தி எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லித் திட்டினேன்."

"கவி..."

"எங்க இருந்து பேசினீங்க?"

"வீட்டுல இருந்துதான்."

"அப்போ போன பௌர்ணமிக்கு?"

எழிலரசி சட்டென்று தலை தூக்கினார். எனக்கும் அது நினைவுக்கு வந்தது. போன பௌர்ணமிக்கு நாங்கள் தெருப் பெண்கள் கூட்டமாகக் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலையில் மாமியார் கடை என்று எல்லோருமாக நிறுத்தி, சோடா குடித்தோம். எழிலரசி கவிநிலாவை மட்டும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, "பாவம் புள்ளைக்கு லீவே இல்ல, சென்னையில மாட்டிக்கிட்டு இருக்கான்" என்று முகத்தைத் துடைத்துவிட்டார்.

"நான் உங்க கடை வாசல்ல உக்காந்து உங்களுக்குப் போன் பண்ணேன். இப்போ உங்க கடையில இருக்கேன்னு சொன்னேன். நீங்க எடுத்து, நானும் அங்க இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு சொன்னீங்க. எங்க இருந்தீங்க?"

"உள்ள" என்றான் அருண்பிரசாத். "சோடாப் பெட்டி அடுக்கி இருக்குமே. அதுக்குப் பின்னால."

அதைக் கேட்டதும் கவிநிலா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. யாரோ தெருவில் தவறி விழுந்ததைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வோமே, அப்படித் திரும்பிக்கொண்டாள். "எனக்கு வேணாம்பா" என்று மணிவேல் சாரிடம் மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எழிலரசி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார். வந்த வேகத்தில் கஸ்தூரியின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அது அவருக்குச் சின்னது. தெருமுனை வரை குதிகால் வெளியே தொங்கத்தான் நடந்தார், திரும்பி வந்து மாற்றிக்கொள்ள மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தெரு ரொம்ப நாள் பேசியது. கல்யாணம் இல்லை என்று போனில் சொன்னால் போதும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மணிவேல் சார் லீவு போட்டுவிட்டு, பத்திரிகை கொடுத்த வீட்டுக்கெல்லாம் நேரில் போனார். சட்டைப் பையில் ஒரு கறுப்புப் பேனா. எங்கள் வீட்டுக்கும் வந்தார். பத்திரிகையை எடுத்து வரச் சொன்னார். நான் அதை மசாலா டப்பா வைக்கிற தட்டுக்குக் கீழே விரித்திருந்தேன். மஞ்சள்தூள் கறையை முந்தானையில் தட்டிக் கொடுத்தேன். அவர் இங்கிலீஷ் பக்கத்தில் 'நிறுவனத்தின் திருப்தி' என்று அர்த்தம் வந்த வரியின் மேல் ஒரே கோடாக அடித்து, பழைய வரியை மேலே எழுதினார். கீழே விலை அதிகமானவர்களையும் அடித்து, நியர் அண்ட் டியர் என்று எழுதினார். முத்து முத்தான கையெழுத்து.

"கல்யாணமே இல்லையே சார்" என்றேன். எனக்கு வாய் நிற்காது.

"அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார். "இதையும் சரி பண்ணிட்டுப் போறேன். உங்க பையன் பத்திரிகையில இருக்கறது தப்பு இல்லம்மா. அது சரிதான்."

வழக்கமான வார்த்தைக்காகக் காத்திருந்தேன். பி தட் வரவில்லை. பேனாவை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர்களில் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் காபி போடப் போய்விட்டார்கள். கோயிலுக்கும் போனாராம், சாமிக்கு வைத்த முதல் பத்திரிகையைக் கேட்டு. "சாமிக்கு இங்கிலீஷ் பக்கம் காட்டற வழக்கம் இல்லைங்க, கவலைப்படாதீங்க" என்று குருக்கள் அனுப்பிவைத்தாராம்.

கடைசியாக அடி அண்ணாமலைக்கும் போயிருக்கிறார். கஸ்தூரியின் செருப்பைத் திருப்பிக் கொடுக்க வந்த வினோதினி சொன்னது இது. கடையில் கொடுக்காமல் மிச்சம் இருந்த பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் அந்த வரி ஏற்கெனவே அடித்து எழுதியிருந்ததாம், சிவப்புப் பேனாவில். அருண்பிரசாத்தின் கை. மணிவேல் சார் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "நல்லா திருத்தியிருக்கப்பா" என்றாராம். அவன் சோடா உடைத்துக் கொடுத்தானாம். குடிக்காமலே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அருண்பிரசாத்துக்கும் வினோதினிக்கும் தை மாதம் கல்யாணம் ஆயிற்று. அவள் அன்று கடையில் பத்திரிகையைச் சும்மா படித்தாளா, தெரிந்து படித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் யாரையும் பற்றிப் பேசுகிறவள் இல்லை. இப்போது ரெண்டு பேரும் பாண்டிச்சேரியில், ஒரு டியூஷன் சென்டரில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறார்கள். கவிநிலா ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். அங்கே அவள் வங்கியிலேயே வேலை பார்க்கிற கலையரசனை அடுத்த வருஷம் கட்டிக்கொண்டாள். பத்திரிகை ரெண்டு பக்கமும் தமிழ். மணிவேல் சார் ஓய்வு பெற்ற கையோடு, கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு மகள் பக்கத்திலேயே வீடு பார்த்துப் போய்விட்டார். எதிர்வீட்டுக்கு ஒரு தாலுகா ஆபீஸ் குடும்பம் வாடகைக்கு வந்திருக்கிறது. கறிவேப்பிலை எவ்வளவு வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஹால் ஜன்னலைத்தான் திறப்பதே இல்லை.